ஏழு வருடமும் ஒரே கோடு

ஜனவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே அம்மா நலம். நானும் நலம். இந்தக் கடிதமே அப்பாவைப் பற்றியது என்பதால் அவரை இந்த வரியில் சேர்க்கவில்லை.

அம்மா நான்கு முறை உங்களுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. "உங்க மாமா போனை எடுத்துட்டா அன்னைக்கு மழை கொட்டும். கடிதம் போடு, அதுக்கு மட்டும் ஒழுங்கா பதில் வரும்" என்றாள். எனக்கும் இதுதான் வசதி. நேரில் நான்கு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். பூனைக்குட்டி என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே.

போன மாதம் அப்பா மாடிப்படியில் மறுபடி விழுந்தார். முழங்கையில் ஐந்து தையல். தலைசுற்றல் வந்தால் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை என்கிறார். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் யாராவது பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்ற நேரமெல்லாம் உள்ளே ஒரு குழாய் திறந்தபடியே ஓடுகிறதாம். நாங்கள் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் உதைக்கிறோம். கீழ்வீட்டுக்காரம்மா இரண்டு முறை மேலே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

படைவீரர் மருத்துவமனையில் சிகிச்சை கேட்டு எழுதியிருந்தோம். அதற்குப் பதில் வந்துவிட்டது. "மனுதாரர் படையிலிருந்து விடுபட்டபோது இரு காதுகளும் இயல்பாக இருந்தமை பதிவேடுகளால் உறுதியாகிறது. அதன்பின் அவர் பதினோரு ஆண்டுகள் அச்சகத்தில் பணிபுரிந்துள்ளார். எனவே குறைபாடு படைப்பணியால் நேர்ந்ததாகக் கொள்ள இயலாது." அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தது பைண்டிங் அறையில். அங்கே பெரிய சத்தமென்றால் மேஸ்திரி தும்முவதுதான்.

மேல்முறையீடு செய்யலாமாம். ஜூனில் விசாரணை. நீங்களும் அப்பாவும் ஒரே பீரங்கியில் ஒன்பது வருடம் நின்றவர்கள். அவருக்குக் காது போனது அங்கேதான் என்று ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?

அத்தையின் முழங்கால் வலிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள்,
பூனைக்குட்டி


ஜனவரி 21

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உன் அத்தையின் முழங்கால், வேலை சொன்னால் வலிக்கிறது, கடைக்குக் கூப்பிட்டால் வலிப்பதில்லை. டாக்டருக்கே புரியாத நோய்.

போன் எடுக்கவில்லை என்று உன் அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருவில் சிக்னல் சரியில்லை. கடிதமே போடு. உன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீ கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை ஒன்றாக இருந்தோம், எந்தப் பிரிவு, எத்தனை பேர், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது போதும்.

மச்சானைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டாம் என்று சொல். படி இறங்கும்போது கைப்பிடியை விட வேண்டாம். பீரங்கிக்குப் பயப்படாத ஆள் மாடிப்படியில் விழுந்தான் என்றால் நான் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

ஜெராக்ஸ் கடை வேலை எப்படிப் போகிறது? உன் முதலாளியம்மா இன்னும் காகிதம் எண்ணிக் கொடுக்கிறாளா?

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தையின் நோய் அம்மாவுக்கும் இருக்கிறது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

உங்கள் சான்றுக் கடிதத்தை நானே மேல்முறையீட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த எழுத்தர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "கூட இருந்தார்னு தெரியுதும்மா. காது கெட்டுப்போச்சுன்னு இதுல எங்க இருக்கு?" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் "நகரும்மா" என்றார். நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன் மாமா. பிரிவு, வருடம், பீரங்கியின் எடை எல்லாம் இருக்கிறது. காது என்ற சொல்லே இல்லை.

அப்பாவின் பணிக்கால மருத்துவப் பதிவேட்டின் நகல் தபாலில் வந்தது. கடைசி ஏழு வருடத்துக்கு, வருடத்துக்கு ஒரு தாளாக ஏழு தாள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்டது என்று காட்டும் காதுச் சோதனையின் கோடு. ஏழிலும் குறையே இல்லை. இந்த ஏழு தாள்தான் எங்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. செவ்வாய்க்கிழமை அப்பாவைப் பொது மருத்துவமனைக்குக் காதுச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். சின்னக் கண்ணாடி அறை. காதில் மாட்டிய கருவியில் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அப்பா உட்கார்ந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய செருப்பு என் செருப்போடு ஒட்டி நின்றது. நான் கவனிக்கவில்லை. எனக்குக் கால் மரத்துப்போய் விரலை அசைத்தேன். அப்பா உடனே பட்டனை அமுக்கினார். இன்னொரு முறை அசைத்தேன். அமுக்கினார். சோதனை செய்த அக்கா கண்ணாடிக்கு வெளியிலிருந்து, "ஐயா, நான் இன்னும் சத்தமே கொடுக்கலையே. எதைக் கேட்டு அமுக்குறீங்க?" என்று கேட்டாள். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சோதனையை முடித்தார்கள்.

இது என்ன பழக்கம் மாமா? உங்களுக்குத் தெரியுமா?

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்,
பூனைக்குட்டி


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதிலில்லை. எல்லாரும் நன்றாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே அப்பாவின் முழங்கைக் காயம் முழுக்க ஆறிவிட்டது. அம்மாவுக்கு லேசாகச் சளி.

நீங்கள் சொல்லாததால் அப்பாவிடமே கேட்டேன். வாயால் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மேஜைக்கு அடியில் அவர் பாதத்தில் என் பாதத்தை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கட்டைவிரல் தானாக மடங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். எத்தனை நாளாயிற்று அவர் அப்படிச் சிரித்து.

சொன்னார். வருடத்துக்கு ஒரு முறை சோதனை வண்டி வருமாம். உள்ளே நான்கு இருக்கை. நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் போகும். ஆளுக்கொரு பட்டன். கேட்காதவனைப் பீரங்கியிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். "உங்க மாமா பக்கத்துல உட்காருவான். அவனுக்குக் கேட்டா என் காலைத் தட்டுவான். நான் அமுக்குவேன். ஏழு வருஷம்! ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார். பரிசு வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் முகம் மாறிவிட்டது. "இதை மாமாவுக்கு எழுதக் கூடாது. அவனை இதுல இழுக்காதே. இழுத்தா நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றார்.

எழுதிவிட்டேன்.

ஏனென்றால் ஒன்று தோன்றியது. அப்பா அமுக்கியதெல்லாம் நீங்கள் தட்டியதற்குத்தான் என்றால் அவர் தாளில் இருப்பது அவருடைய காது இல்லை. உங்கள் காது. உங்களிடமும் அதே ஏழு வருடத்துத் தாள் இருக்கும். இரண்டும் ஒன்று போல இருந்தால், அந்தப் பதிவேடு செல்லாது என்று காட்டிவிடலாம். உங்கள் தாள்களை அனுப்புவீர்களா? நகல் போதும். நகல் எடுப்பதற்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்காது.

உங்கள்,
பூனைக்குட்டி


மார்ச் 20

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

சுகம். நீங்களும் சுகம்தானே. அம்மாவைச் சளிக்கு ஆவி பிடிக்கச் சொல்.

நீ எழுதியது பழைய கதை. முடிந்துபோன கதை. சின்னப் பெண்ணிடம் உன் அப்பா அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதை அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாயா? "இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றினார்கள்" என்பார்கள். இத்தனை வருடம் கௌரவமாகச் சம்பாதித்த பெயர் ஒரு தாளில் போய்விடும். எனக்குத் தொழிற்சாலையில் ஏப்ரலில் உடல்தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். காவல் மேற்பார்வையாளர் வேலைக்கு அது இல்லாவிட்டால் முடியாது.

என் தாள்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. வீடு மாறும்போது தொலைந்திருக்கும்.

இதோ, உன் அத்தை வந்து தோளைத் தட்டி, வாசல் மணி அடிக்கிறது, ஒரு முறையாவது எழுந்து போய்ப் பாருங்கள் என்கிறாள். கேஸ்காரராக இருக்கும். இத்துடன் முடிக்கிறேன்.

மச்சானுக்கு நல்ல டாக்டராகப் பார்ப்போம். மேல்முறையீட்டை விட்டுவிடு அம்மா.

மாமா


ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். அம்மா ஆவி பிடித்தாள், சளி குறைந்தது. அவ்வளவுதான் நலம் விசாரிப்பு. இனி நான் எழுதப்போவதை நேரில் என்னால் சொல்லவே முடியாது. அதனால் நிறுத்தாமல் எழுதுகிறேன்.

நான் விட மாட்டேன்.

பெயர் போய்விடும் என்கிறீர்கள். அப்பாவுக்கு இருக்கிற பெயர் என்ன தெரியுமா? தெருவில் அவரைச் செவிடன் என்கிறார்கள். அலுவலகத்தில் பொய்யன் என்கிறார்கள். அச்சகத்தில் கெட்ட காதைப் படையின் தலையில் கட்டப் பார்க்கிறாராம். இதற்கு மேல் போவதற்கு என்ன பெயர் பாக்கி இருக்கிறது?

ஏமாற்றினீர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. கேட்கிறது என்று நடித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கா போனீர்கள்? மறுபடி பீரங்கிக்குப் பக்கத்தில்தானே போய் நின்றீர்கள்?

இப்போது ஒரு கேள்வி. எனக்குக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தபடியே நிற்பேன். பேசாமல் நிற்பதால் பின்னால் நடப்பதெல்லாம் காதில் விழும், கண்ணிலும் படும். உங்கள் கடிதங்களையும் அப்படித்தான் பார்த்தேன். நீங்கள் போன் எடுப்பதில்லை. அத்தை போன் எடுத்தால் சிக்னல் நன்றாக இருக்கிறது. வாசல் மணி அடித்ததை உங்களுக்குத் தோளைத் தட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் வந்திருந்தபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்தீர்கள். இடது பக்கம் சுவர் இருக்கிற நாற்காலி. நான் உட்கார்ந்திருந்தபோது என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

அப்பா பீரங்கிக்கு இடப்பக்கம் நிற்பாராம். அவருடைய வலது காதுதான் பீரங்கிக் குழாயைப் பார்த்து இருக்கும். அதுதான் முதலில் போனது.

நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் மாமா?

தாள் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பூனைக்குட்டி


மே 8

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி இருபது வருடம் ஆகியிருக்கும். பிழை இருந்தால் உனக்குள் வைத்துக்கொள். எல்லாரும் நலமா?

உன் மாமா பதில் எழுத மாட்டார் போலிருக்கிறது. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். சட்டையைத் துவைக்கப் போட்டால் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறார். நான் எடுத்துப் படித்துவிட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வலப்பக்கம் நின்றார். இடது காது போய்விட்டது. கல்யாணத்தன்றே போய்விட்டது என்று வைத்துக்கொள். இப்போது வலதும் பாதிதான். நான் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துவது டி.வி. சத்தத்துக்கு நடுவில்தான். கோபம் வந்து திட்டினால்கூட, எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத் திட்ட வேண்டியிருக்கிறது.

உன் அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். வண்டியில் முதலில் வலது காதுக்குச் சத்தம் வருமாம். அப்போது இவர் தட்டுவார், உன் அப்பா அமுக்குவார். அப்புறம் இடது காதுக்கு வரும். அப்போது உன் அப்பா தட்டுவார், இவர் அமுக்குவார். இரண்டு ஆளுக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் காதை வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். உன் அப்பா தன் பாதியைச் சொல்லிவிட்டு இவர் பாதியை மறைத்திருக்கிறார். இவரும் மறைக்கிறார். என்ன சிநேகிதமோ!

தாள் தொலையவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. சாவி அவரிடம்.

அத்தை


மே 16

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு நான் எழுதியது தெரிந்துவிட்டது. ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். உதட்டைப் பார்க்காவிட்டால் வீட்டில் யாருமே பேசவில்லை என்று அர்த்தம். நான் தரையை உதைத்துப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரம்மாதான் வந்தாள்.

மாமாவிடம் இதைக் காட்டுங்கள். விசாரணை ஜூன் 18, காலை பத்தரை மணி. இனி அவரிடம் தாள் கேட்க மாட்டேன். அப்பாவின் ஏழு தாளோடு மட்டும் போவேன். தோற்றால் மறுபடி மனுப் போடுவேன். அதிலும் தோற்றால் அதற்கு மேலே. எங்கள் கடை மெஷின் ஒரு நிமிடத்துக்கு நாற்பது நகல் எடுக்கும். அவர்கள் கைதான் முதலில் வலிக்கும்.

ஆனால் பாதிக் காதை வைத்துக்கொண்டு முழுக் கதையைச் சொல்ல முடியாது. அதை மட்டும் மாமாவிடம் சொல்லுங்கள்.

பூனைக்குட்டி


ஜூன் 3

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

சுகமா? நான் சுகமில்லை. முதல் தடவையாக உண்மையை எழுதுகிறேன்.

ஏழு தாளும் உள்ளே இருக்கின்றன. நகல் இல்லை, அசல். இங்கே எங்கள் தெருக் கடையில் நகல் எடுத்தால் கறுப்பாக வருகிறது. உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

ஏன் இத்தனை நாள் இழுத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தொழிற்சாலையில் அபாயச் சங்கு ஊதினால் ஆட்களை வெளியேற்றுவது என் வேலை. அந்தச் சங்கு எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. கூட்டம் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடுவேன். ஆறு வருடமாக இப்படி. ஏப்ரலில் தகுதிச் சோதனைக்குப் போனேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. என் கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. அங்கே யாரும் இல்லை. சோதித்தவர் மென்மையான ஆள். "ஐயா, தண்ணி குடிச்சிட்டு மறுபடி பண்ணலாமா?" என்று எழுதிக் காட்டினார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தாலும் எனக்கு என்ன? கிடங்குப் பொறுப்புக்கு மாற்றிவிட்டார். எந்தக் கிடங்குக்குப் பயந்து ஏழு வருடம் கால் தட்டினோமோ அதே கிடங்கு. நல்ல இடம்தான். வெளிச்சம் வருகிறது.

மச்சானிடம் சொல்: நீ என் பாதியை மறைத்தது போதும். நான் பதினேழாம் தேதியே வருகிறேன். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டால் இமையைப் பிடித்துத் திறப்பேன்.

மாமா


ஜூன் 23

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பேருந்தில் இடது பக்க ஜன்னல் கிடைத்ததா? அப்பா நேற்று படிக் கைப்பிடியைப் பிடித்தபடியே இறங்கினார்.

அன்று நான் உங்கள் இடப்பக்கம் நின்றேன். பேசியது எதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காது. பேருந்து நிலையத்தில் "என்னதான் பேசின?" என்று கேட்டீர்கள். அங்கே இருந்த கூட்டத்தில் கத்திச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் தாள்களைப் பற்றி. உங்கள் கவர் வந்த அன்று கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து உங்கள் முதல் தாளையும் அப்பாவின் முதல் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு பக்கம் நகல் எடுக்கும்போது வரி நேராக விழுந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். இரண்டு கோடு தெரிய வேண்டும். ஒரு கோடுதான் தெரிந்தது. அடுத்த வருடம். ஒரே கோடு. ஏழு வருடமும் ஒரே கோடு. முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஒரே தாளை ரெண்டு காப்பி எடுத்து எதுக்கு வீணாக்குற?" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், வலது ஓரம் கண்ணாடி போட்ட மருத்துவர். உங்கள் நாற்காலியை மேஜைக்குப் பக்கவாட்டில் போட்டிருந்தார்கள். இடது காதுதான் அவர்கள் பக்கம் இருந்தது. அதை மாற்றிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே உங்களைக் கேட்டார்: "நீங்க எந்த வருஷம் ஓய்வு பெற்றீங்க?"

நீங்கள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் மறுபடி கேட்டார். அப்பாவுக்கும் கேட்கவில்லை, ஆனால் தலைவரின் வாய் அசைவதைப் பார்த்துவிட்டார். உங்கள் பாதத்தை ஒரு தட்டுத் தட்டினார். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமாங்க ஐயா!" என்றீர்கள்.

எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது மாமா. எழுந்து நின்றேன். எனக்கு அனுமதி இருக்கிறதா என்றுகூட யோசிக்கவில்லை.

"ஐயா, மேஜைக்குக் கீழே பாருங்க" என்றேன்.

"என்னம்மா?"

"கீழே பாருங்க ஐயா. மூணு பேரும் பாருங்க."

பார்த்தார்கள். மூன்று பேரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள். அப்பாவின் செருப்பு உங்கள் ஷூவின் மேல் அப்படியே இருந்தது. அப்பா எடுக்க மறந்துவிட்டார்.

"இப்படித்தான் ஏழு வருஷமும் நடந்தது. இவருக்கு வலது காது போச்சு, அவருக்கு இடது காது போச்சு. ஒருத்தர் இடப்பக்கம், ஒருத்தர் வலப்பக்கம். நடுவுல பீரங்கி. அச்சகத்துல வேலை பார்த்தது எங்க அப்பா மட்டும்தான். மாமா அந்தப் பக்கமே போனதில்ல. அப்போ அவர் காதைக் கெடுத்தது எந்த அச்சகம்?"

மருத்துவர் பேனாவை மூடினார். "அப்படின்னா ரெண்டு பேரும் சோதனையில ஏமாத்தியிருக்காங்க. அதை நீயே ஒத்துக்கிறயாம்மா?" என்றார். நீங்கள் பயந்த கேள்வி.

பதினான்கு தாளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ரெண்டு ஆளோட காது ஒரு வருஷம் ஒண்ணா இருக்கலாம். ஏழு வருஷம் அச்சு மாறாம இருக்குமா? ஒவ்வொரு தாளுக்கும் கீழே ஒரு டாக்டர் கையெழுத்து இருக்கு. அவர் பார்க்கல. அவருக்கு மேல இருந்தவங்களும் பார்க்கல. பார்த்திருந்தா ரெண்டு பேருக்கும் பாதிக் காதாவது மிஞ்சியிருக்கும். நான் ஒன்பதாவதோட நின்ன பொண்ணு. ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறேன். நான் பார்த்தேன்."

இவ்வளவுதான் பேசினேன். உட்கார்ந்தபோது நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது, கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்திருப்பேன்.

மருத்துவர் ஜன்னலுக்குப் போய்த் தாள்களைப் பிடித்துப் பார்த்தார். முதல் ஜோடி. இரண்டாவது. நான்காவதோடு நிறுத்திவிட்டுத் தாள்களைத் தலைவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அதை நீங்களும் பார்த்தீர்கள்.

வெளியே வந்ததும் அப்பா ஒன்று சொன்னார். நாற்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "என்னடி இப்படிக் கத்துற? எனக்கே கேட்டுச்சு."

தீர்ப்பு தபாலில் வரும்.

பூனைக்குட்டி


ஆகஸ்ட் 11

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நீங்களும் கிடங்கின் வெளிச்சமும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். அப்பாவை இந்த முறை அந்த வரியில் சேர்த்துவிட்டேன்.

வந்துவிட்டது. "மனுதாரரின் செவித்திறன் இழப்பும் அதைச் சார்ந்த தலைசுற்றலும் படைப்பணியால் நேர்ந்தவை என இக்குழு ஏற்கிறது." அம்மா அந்த வரியை மட்டும் ஐந்து நகல் எடுக்கச் சொன்னாள். ஒன்றைக் கீழ்வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள். அவள் படித்துவிட்டு, "சரி, இனிமே நல்லா உதைங்க" என்றாளாம். வரும் திங்கட்கிழமை படைவீரர் மருத்துவமனையில் அப்பாவுக்கு முதல் சிகிச்சை.

தீர்ப்பின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது. "சாட்சியின் குறைபாடு இம்மனுவின் வரம்புக்குள் வராது." அதாவது, உங்கள் காதைப் பற்றி அவர்களாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டும்.

அதனால் உங்களுக்கான விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொரு பக்கமும் நிரப்பிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். சாட்சி என்ற இடத்தில் அப்பா ஏற்கெனவே போட்டுவிட்டார். "வேண்டாம், எனக்கு எதுக்கு, கிடங்கிலேயே நன்றாக இருக்கிறேன்" என்று எழுதினால் இன்னொரு படிவம் அனுப்புவேன். அதையும் திருப்பினால் இன்னொன்று. உங்கள் அசல் தாள் ஏழும் என்னிடம்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

அப்பா பேனாவைப் பிடுங்குகிறார். அவரும் ஒரு வரி எழுத வேண்டுமாம்.

பூனைக்குட்டி

மச்சான், காலைத் தட்டிட்டேன். அமுக்குடா.